சீறிய ரெகுலேட்டரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும்

ஆகஸ்ட் மாதம், 26 மீட்டர் ஆழம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் உம்கோமாஸ் என்ற சிற்றூர். அதற்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் அலிவால் ஷோல் பாறைத்திட்டில் ‘கதீட்ரல்’ என்று ஒரு வளைவு உண்டு. அதன் கீழே மணலை ஒட்டி மிதந்துகொண்டிருந்தேன். எதிரே நாலைந்து ராகிகள். கேழ்வரகு இல்லை. பற்கள் தாறுமாறாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுறாவை இங்குள்ளவர்கள் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள். குளிர்காலத்தில் கூட்டமாக வரும், பார்க்கப் பயங்கரம், குணத்தில் சாது.

இடது கன்னத்துக்குப் பக்கத்தில் குமிழிகள் மெல்லப் போய்க்கொண்டே இருந்தன. நான் மூச்சு இழுக்காத நேரத்திலும் போயின. பத்து நிமிடம் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தேன். அது என் முதல் தப்பு. திடீரென்று குழாய் உடைந்த மாதிரி காற்று சீறியது. வாய்க்குள் நுரை, முகக்கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை. கூட வந்தவர் தன் மாற்று ரெகுலேட்டரை, அதாவது வாயில் கடித்து மூச்சு விடும் கருவியை, நீட்டினார், வாங்கிக் கடித்துக்கொண்டேன். அடுத்த வேலையாக அவரே என் சிலிண்டர் வால்வை மூடினார். மேலே வந்து பார்த்தபோது, சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் என் மானியில் 40 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருந்தது. சீறத் தொடங்கும்போது 120.

பதினொரு நாட்களுக்கு முன்புதான் அந்த ரெகுலேட்டரைக் கடையில் கொடுத்து முழு சர்வீஸ் செய்திருந்தேன். அதற்குப் பிறகு அது எனக்கு இரண்டாவது முக்குளிப்பு. கோபம் வருமா, வராதா?

நான் தூத்துக்குடிக்காரன். மாமா ஒருவர் சங்கு குளித்தவர். கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயை நம்பிக் கடலுக்குள் போவார், அந்த கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டுவதும் அவரேதான். எனக்கு டர்பன் துறைமுகத்தில் கப்பல் பம்புகளைப் பழுது பார்க்கும் வேலை. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து, இப்படிப்பட்ட வேலையும் பார்த்துக்கொண்டு, என் மூச்சு வரும் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று ஒன்பது வருடமாகத் தெரியாமல் இருந்ததுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. முக்குளிப்புப் பயிற்சியில் அதைத் திறக்காதே என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். நானும் திறக்கவில்லை.

ரெகுலேட்டர் என்றால் நம் ஊரில் ஃபேன் ஞாபகம் வரும், அடுத்தது கேஸ் சிலிண்டர். கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிட்டது. சிலிண்டருக்குள் 200 பார் காற்று. அதன் வால்வில் மாட்டும் பித்தளைக் குண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி அது காற்றைக் குறைத்துக் குழாய்க்குள் விடுகிறது. இதை இடை அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். வாயில் கடிக்கும் பகுதி செகண்ட் ஸ்டேஜ். நாம் மூச்சு இழுத்தால் உள்ளே ஒரு ரப்பர் தகடு அமுங்கி, ஒரு நெம்புகோலைத் தட்டி, வால்வைத் திறக்கும். அவ்வளவுதான். 1942 கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைக்காரர் கூஸ்தோ பாரிஸில் பொறியாளர் எமில் கன்யானைப் பார்க்கப் போனபோது, கன்யான் கையில் இருந்தது கார் ரெகுலேட்டர். போரில் பெட்ரோல் கிடைக்காததால் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காகச் செய்தது. அதைத் தண்ணீருக்கு ஏற்ற மாதிரி மாற்றி 1943-இல் முக்குளித்தார்கள். இன்று நாம் கடிப்பதும் அதன் வம்சம்தான்.

திரும்பக் கடைக்குக் கொண்டுபோனேன். ‘படகு அலையைத் தாண்டும்போது மணல் போயிருக்கும்’ என்றார்கள். உம்கோமாஸில் அது நடக்காத விஷயம் இல்லை. ஆற்றுமுகத்திலிருந்து ரப்பர் படகை அலைக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகும்போது மணலும் நுரையுமாக மேலே வந்து கொட்டும். ஆனால் மணல் செகண்ட் ஸ்டேஜுக்குள் போகும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயர் அழுத்தப் பக்கத்துக்கு அது எப்படிப் போகும்? இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்குக்கூட அன்றைக்கு எனக்கு விவரம் இல்லை.

கேட்டவர் அங்கிள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார், சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் வழி. பாட்டியிடம் கேட்ட தமிழ் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறார், மிச்சமெல்லாம் இங்கிலீஷ். அவர் பட்டறைச் சுவரில் ஒரு வேல், அதன் கீழே ஸ்பேனர்கள் அளவு வாரியாக. தைப்பூசக் காவடி முடியும்வரை கடலுக்கு வரமாட்டார், மற்ற நாளில் எழுபது வயதிலும் வருவார்.

அவர் ரெகுலேட்டரைத் திறக்கவே இல்லை. சின்ன மானி ஒன்றை எடுத்து, மிதப்பதற்கான ஜாக்கெட்டுக்குக் காற்றடிக்கும் குழாயின் முனையில் மாட்டி, சிலிண்டரைத் திறந்தார். ஊசி ஒன்பதரையில் நின்றது. “பாத்துக்கிட்டே இரு, தம்பி” என்றார். பார்த்தேன். பத்து. பத்தே முக்கால். நாலு நிமிடத்தில் பன்னிரண்டைத் தாண்டி, செகண்ட் ஸ்டேஜிலிருந்து புஸ்ஸென்று காற்று கசியத் தொடங்கியது.

“கடைக்காரன் உனக்கு இந்த நம்பரைக் குடுத்தானா?”

கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரசீதில் ‘சர்வீஸ் முடிந்தது’ என்று மட்டும் இருந்தது.

பிறகு பிரித்துக் காட்டினார். ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் ஒரு கூரான விளிம்பு, அதன் மேல் வந்து உட்காரும் ஒரு பிளாஸ்டிக் சீட். புது சீட்தான், பணம் வாங்கிக்கொண்டு மாற்றியிருந்தார்கள். அதில் தலைமுடி அளவுக்கு ஓர் உலோகத் துணுக்கு பதிந்திருந்தது. சுத்தம் செய்யும்போது தப்பியதாக இருக்கலாம். மூச்சுக்கு மூச்சு வால்வு மூடும்போது முழுசாக மூடவில்லை, 200 பார் மெதுவாக இந்தப் பக்கம் ஊறியது. இடை அழுத்தம் ஏற ஏற செகண்ட் ஸ்டேஜ் தாங்காமல் திறந்துகொண்டது. குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி, அது திறப்பதுதான் வடிவமைப்பு. காற்று அடைத்து நிற்பதைவிடச் சீறுவது நல்லது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த விதத்தில் என் ரெகுலேட்டர் சரியாகத்தான் பழுதானது.

அன்றைக்குத்தான் முக்குளிப்பவரே தன் ரெகுலேட்டரை சர்வீஸ் செய்யலாமா என்ற வாக்குவாதத்தில் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டால், மானி இருக்கும் பக்கம். அளக்கத் தெரிந்தவன் திறக்கலாம், வீட்டிலும் சரி, கடையிலும் சரி. அளக்காதவன் சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் என் ரெகுலேட்டரைத் தொடவேண்டாம்.

சரி, அப்புறம் நான் கெடுத்த கதை.

முதலில் கை வைத்தது ஒரு பழைய உதிரி ரெகுலேட்டரில். சாப்பாட்டு மேசையில் பழைய பெட்ஷீட்டை விரித்தேன். “ஏங்க, நாளைக்கு இதுல மூச்சு விடப்போறது நீங்கதானே?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப சரி” என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பதிலை இன்றுவரை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு ஓ-ரிங்கை, அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, எடுக்க எஃகு ஊசியைப் பயன்படுத்தினேன். கப்பல் பம்பில் அப்படித்தான் செய்வேன். இங்கே பித்தளையில் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கீறல், நகத்தால் தடவினால் தெரியும். எத்தனை புது ஓ-ரிங் போட்டும் அந்த இடத்தில் குமிழி நிற்கவில்லை. அந்தப் பித்தளைக் குண்டு இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஓ-ரிங்கை எடுக்கப் பித்தளைக் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோதான் வேண்டும், பித்தளையைவிடக் கடினமான எதுவும் ஆகாது.

அடுத்த தப்பு இன்னும் அற்பமானது. அளவு சரியாக இருந்த ஓ-ரிங் ஒன்றைத் துறைமுகக் கடையில் வாங்கி உயர் அழுத்தப் பக்கத்தில் போட்டேன். அளவு சரி, கடினம் சரியில்லை. ரப்பரின் கடினத்துக்கு ஓர் எண் உண்டு, சாதாரணமாகக் கிடைப்பது 70, உயர் அழுத்தத்துக்கு 90 வேண்டும். 70 போட்டால் 200 பார் அதை இடுக்கு வழியே பிதுக்கித் தள்ளிவிடும். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே வட்டம், கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதிலிருந்து ஒவ்வோர் அளவையும் தனித்தனிப் பொட்டலத்தில், எழுதி ஒட்டித்தான் வைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது கை துறுதுறுத்தால், ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் தொடங்காதீர்கள். சிலிண்டர் மானி குழாயோடு சேரும் இடத்தில் ஒரு சின்னத் தண்டு சுழலும், அதில் பொடிப்பொடியாக இரண்டு ஓ-ரிங். மானிக்குப் பக்கத்தில் நூல் மாதிரிக் குமிழி வந்தால் அவை தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சிலிண்டரை மூடி, செகண்ட் ஸ்டேஜ் பொத்தானை அழுத்திக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, இரண்டு ஸ்பேனரால் கழற்றி மாற்றுங்கள். பத்து நிமிட வேலை. தப்பாகப் போனாலும் குமிழி மட்டும்தான் வரும். உங்களுக்கு இந்த வேலை பிடிக்கிறதா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திறக்கவே விரும்பாதவர்களுக்கும் மூன்று சோதனை சொல்கிறேன். இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை அதன் மூடியால் நன்றாக அடைத்துவிட்டு, செகண்ட் ஸ்டேஜில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். உதட்டில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். காற்று உள்ளே வந்தால் ரப்பர் தகடோ, மூச்சு வெளியேறும் வால்வோ கிழிந்திருக்கிறது, அல்லது அந்த வால்வுக்கு அடியில் மணல். உம்கோமாஸ் படகுப் பயணத்துக்குப் பிறகு பாதி நேரம் மணல்தான். கழுவினால் போய்விடும். கழுவாமல் குதித்தால் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கடல்நீர் குடிக்கலாம்.

அடுத்தது வாளிச் சோதனை. சிலிண்டரில் மாட்டித் திறந்து, ஒரு வாளித் தண்ணீரில் செகண்ட் ஸ்டேஜை, பல்லால் கடிக்கும் முனை மேலே பார்க்கும்படி, மெதுவாக இறக்குங்கள். உள்ளே இருக்கும் தகடு இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனதும் காற்று சீறத் தொடங்க வேண்டும். மூச்சு இழுக்க எவ்வளவு முயற்சி வேண்டும் என்பதன் அளவு இதுதான், விலை உயர்ந்த கருவியும் இதையேதான் அளக்கிறது. தண்ணீரைத் தொட்டதுமே சீறினால் மிகவும் இளக்கமாக வைத்திருக்கிறார்கள், படகிலிருந்து குதித்ததும் ரகளை செய்யும். ஏழெட்டு சென்டிமீட்டர் போயும் சத்தமில்லை என்றால் ஆழத்தில் இழுக்க இழுக்க மார்பு வலிக்கும்.

மூன்றாவது அங்கிளின் மானி. மாட்டும்போது குறைந்தது ஒரு செகண்ட் ஸ்டேஜாவது இணைந்திருக்க வேண்டும், அழுத்தம் ஏறினால் வெளியேற அதுதான் வழி. மானியின் முகத்தை யாரும் இல்லாத பக்கம் திருப்பிவிட்டு, வால்வை மெதுவாகத் திறக்கவும். ஊசி தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் நிற்க வேண்டும். பொத்தானை லேசாக அழுத்தினால் இறங்கும், விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். வந்த பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால் அதுதான் என் ஆகஸ்ட் மாதம். ஐந்து நிமிடம் போதாது, நான் அரை மணி நேரம் விட்டு வைக்கிறேன். சிலிண்டரில் 200 இருக்கும்போது ஒருமுறை, 50 இருக்கும்போது ஒருமுறை. பேலன்ஸ்டு வகை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். பேலன்ஸ் இல்லாத பழைய பிஸ்டன் வகையில் சிலிண்டர் குறையக் குறைய எண்ணும் இறங்கும், அது அதன் பிறவிக்குணம், பழுது இல்லை.

பிரித்து மாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் வழிமுறை வேறு, அந்தப் புத்தகம் கையில் இல்லாமல் தொடவே கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். பச்சைக் களிம்பைப் போக்க வெள்ளை வினிகரும் வெந்நீரும் சரிபாதி, சில நிமிடம் போதும். மறந்துபோய் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் குரோம் பூச்சு பாழாகிவிடும். அலுமினியப் பாகங்களுக்கு அந்த வினிகரைக் காட்டவே காட்டாதீர்கள். கிரீஸ் ஓ-ரிங்கில் பளபளப்புத் தெரியும் அளவுக்குத்தான், இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி இல்லை. ஆக்சிஜன் கூடுதலான கலவையில் முக்குளிக்கிறவர்கள் சாதாரண சிலிக்கோன் கிரீஸைத் தொடக்கூடாது, அதற்கென்று ஆக்சிஜனோடு தீப்பிடிக்காத கிரீஸ் இருக்கிறது. நான் அந்தக் கலவைக்கான ரெகுலேட்டரை வீட்டில் திறப்பதே இல்லை. மேசையில் நேற்று வடை சுட்ட எண்ணெய் எங்கே தெறித்தது என்று யாருக்குத் தெரியும்?

மாட்டி முடித்ததும் அலிவாலுக்கு ஓடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பழைய ரெகுலேட்டரில் வருவதைவிடப் புதிதாக சர்வீஸ் ஆனதில்தான் வரும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள், என் அனுபவமும் அதுதான். டர்பனில் வெட்ச் பியர் என்று ஒரு பழைய கல்வரிசை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலைதடுப்பாகக் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்டது, இப்போது மீன்கள் குடியிருக்கின்றன. நாலைந்து மீட்டர் ஆழம்தான். கை வைத்த ரெகுலேட்டர் எதுவானாலும், கடையில் சர்வீஸ் செய்ததானாலும், முதல் முறை அங்கேதான். நாலு மீட்டரில் சீறினால் சிரித்துக்கொண்டே மேலே வந்துவிடலாம்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் திறக்கிறார், நான் இரண்டோ மூன்றோ. கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாகத்தில் குறை கண்டு தயாரிப்பாளர் திரும்பப் பெறும்போது அறிவிப்பு அவருக்குத்தான் முதலில் போகும். வருடாவருடம் அங்கீகரித்த கடையில் கொடுத்தால்தான் உத்தரவாதம் என்று சில நிறுவனங்கள் கட்டி வைத்திருக்கின்றன. என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது பாகங்களைப் பூட்டி வைப்பது. பல தயாரிப்பாளர்கள் சர்வீஸ் கிட்டை அங்கீகரித்த கடைக்கு மட்டும்தான் விற்கிறார்கள். என் கார் பிரேக் கட்டையை நானே வாங்கி நானே மாற்றலாம். அது பிடிக்காவிட்டால் எதிரே நடந்து வருகிறவனும் சாவான். நாலு ஓ-ரிங்கும் ஒரு சீட்டும் வாங்கத்தான் நான் தகுதியில்லாதவன். அந்தக் கடைக்காரர்களுக்கு நிறுவனம் நடத்தும் பயிற்சி பல நேரம் ஒரு நாள், இரண்டு நாள்தான் என்று தெரிந்தபோது வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

சிலிண்டர் விஷயத்தில் எனக்கு இந்த வீம்பு இல்லை. அதன் வால்வையும் உள்பக்கத்தையும் நான் தொடுவதில்லை. இங்கே ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே பார்த்துச் சோதிக்க வேண்டும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை. கொடுத்துவிட்டு முத்திரையைப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். ரெகுலேட்டர் கெட்டால் குமிழி, சிலிண்டர் கெட்டால் கூரையே பறக்கும்.

போன வருடம் மகள் முக்குளிக்கக் கற்றுக்கொண்டாள். பதினைந்து வயது. அவளுக்கு வாங்கிய ரெகுலேட்டர் முதல் வருடம் முடிந்து சர்வீஸுக்கு வந்தது. நான் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன், அதே கடைக்குத்தான்.

“அப்பா, உங்களோடதுக்கு நீங்க, என்னோடதுக்குக் கடையா?”

பதில் தயாராக இல்லை. கடையில் போய், இடை அழுத்தம் எவ்வளவு, அரை மணி கழித்து எவ்வளவு என்று ரசீதில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், ஆனால் எழுதிக் கொடுத்தான். 9.6, 9.6. வீட்டுக்கு வந்து பெட்ஷீட்டை விரிக்காமல், திறக்காமல், மானியை மட்டும் மாட்டினேன். மகள் கைபேசியில் முப்பது நிமிடம் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மணி அடித்ததும் எட்டிப் பார்த்தாள்.

“ஒம்பது புள்ளி ஆறு” என்றாள். என் நோட்டில் அவள் பெயருக்கு ஒரு புதுப் பக்கம் திறந்து, தேதியைப் போட்டு, அவள் கையாலேயே எழுதச் சொன்னேன்.